பனியா, புகையா?

தீபாவளிக்குப் பிறகு டெல்லியின் புகைமூட்டத்தை டி.வி.யில் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்கிறோம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அந்தக் கவலை இல்லை என்பது நம் எண்ணம். சென்னையில் ரிட்டையர் ஆகிறவர்கள் ‘நல்ல காத்து’க்காக இந்தப் பக்கம் மனை வாங்குகிறார்கள்.

திண்டிவனம் மேம்பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். திருவக்கரைப் பக்கத்து கிரஷரிலிருந்து தார்ப்பாய் போடாத டிப்பர் வந்தால், முந்தானையும் கைக்குட்டையும் மூக்குக்குப் போகும். அடுத்து வரும் பஸ் என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டே நிற்கும். கைக்குட்டை பைக்குள் போய்விடும். ஜல்லிப் புழுதியும் கெடுதல்தான். ஆனால் அதில் பெரும்பகுதி மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். டீசல் புகையிலும் குப்பை எரிப்பிலும் வரும் 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள் நுரையீரலின் அடிவரை இறங்கும், ரத்தத்திலும் கலக்கும். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அதுவும் ஒரு காரணம்.

பிள்ளைக்கு வீசிங் வந்தால் நாம் பிடிக்கும் குற்றவாளிகளே வேறு: ஐஸ்கிரீம், தலைக்கு ஊற்றிய தண்ணீர், மார்கழிப் பனி. பனி உள்ளே வராதபடி ஜன்னலைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கடியில் கொசுவர்த்தியைக் கொளுத்தி வைக்கிறோம்! காற்றின் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இத்தனைக்கும் சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதைக் காட்டியது. நுண்துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்போ 40.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் 130 நகரங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி மட்டுமே. போகியன்று காற்றை அளந்து சொல்வதும் சென்னைக்குத்தான். டயர் எரிப்பதற்கு மட்டும் ஊர் வித்தியாசம் கிடையாது.

மழை பெய்தால் வானூரில் இத்தனை, மரக்காணத்தில் இத்தனை என்று மறுநாள் காலையே மில்லிமீட்டர் கணக்கு வந்துவிடுகிறது. டீக்கடையில் அதை வைத்து விவாதமே நடக்கிறது. காற்றின் கணக்கும் அப்படித் தினமும் மக்கள் காதுக்கு வரட்டும். முதலில் விழுப்புரம், திண்டிவனம் பஸ் நிலையங்களில் தலா ஒரு மின்பலகை வைக்கலாம். தார்ப்பாய் இல்லாத டிப்பருக்கு அபராதம் போட அதுவரை காத்திருக்க வேண்டியதுமில்லை.