சூரிய கடிகாரம் இருந்த இடம்

கதை எழுதும் நம்மவர் பலருக்கு, பின்னால் நேரப்போகும் விபரீதத்தை வாசகருக்கு முன்கூட்டியே உணர்த்திவிட வேண்டுமென்ற ஆவலில், பல்லியைச் சொல்லவைப்பதும், எரியும் விளக்கை அணையவைப்பதும், கதாநாயகிக்குத் துர்ச்சொப்பனம் வரவழைப்பதும் வழக்கமாகிவிட்டது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி கண்ட கனாவுக்குக் காவியத்தில் உரிய ஸ்தானம் உண்டு. வரப்போகும் துயரை வெளிப்படையாக அறிவித்து நம்மை நடுங்கவைப்பதே அதன் காரியம். ஆனால், கண்ணில் பட்டும் கருத்தில் படாமல் கடந்துபோய், நூலை மூடிய பிறகு நெஞ்சில் தைக்கும் சூசகம் வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதன் லக்ஷணத்தை அறிய விரும்புவோர், ஜெர்மானிய நாவலாசிரியர் தியோடோர் ஃபொண்டானேயின் 'எஃபி பிரீஸ்ட்' என்னும் நாவலை இருமுறை படிக்க வேண்டும் என்பது என் துணிபு.

1894 அக்டோபர் முதல் 1895 மார்ச் வரை ஒரு மாத சஞ்சிகையில் தொடராக வந்த அந்நாவலின் முதல் வாக்கியத்திலேயே, நடுப்பகல் வெயில் காயும் கிராமத்து மாளிகையின் பக்கக்கட்டு, நடுவில் சூரிய கடிகாரம் நிற்கும் வட்டப் பூம்பாத்தியின்மேல் அகன்ற நிழலை வீழ்த்துகிறது. வெறும் வர்ணனை என்றெண்ணி நாம் மேலே போகிறோம். சிறிது நேரத்தில், இளம்பெண் எஃபி, தோழியரோடு தின்ற கூஸ்பெர்ரிப் பழத் தோல்களைக் கூழாங்கல்லோடு காகிதப் பையிலிட்டுக் குளத்தில் அமிழ்த்துகையில், நெறி தவறிய பெண்களையும் முற்காலத்தில் இப்படித்தான் படகிலிருந்து அமிழ்த்தினார்களாம் என்று சொல்லிவைக்கிறாள். சிறு பெண்ணின் பேச்சு என்று அதையும் மறந்துவிடுகிறோம். பின்னர் அவள் தானே நெறி பிறழ்ந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் பழைய கடிதங்களால் அது வெளிப்பட்டு, கணவனையும் குழந்தையையும் இழந்து, பிறந்தகம் திரும்பி மாய்கிறாள். கடைசிப் பக்கங்களில் அந்தச் சூரிய கடிகாரம் இல்லை. அது நின்ற இடத்தில் அவள் பெயர் பொறித்த வெண்சலவைக்கல் கிடக்கிறது. அந்த முதல் வாக்கியத்து நிழல் யார்மேல் விழுந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

அமைப்புச் செவ்வையாக இருந்தால் முதல் பக்கத்திலேயே முழுமைக்கும் உரிய வித்து அடங்கியிருக்க வேண்டுமென்று 1880-இல் ஒரு கடிதத்தில் எழுதியவர் ஃபொண்டானே. அந்த வித்தை அவர் பகட்டாகக் காட்டவில்லை. பிரபுக் குடும்பத்துத் தோட்டத்தில் சூரிய கடிகாரம் இருப்பது இயல்பு; துடுக்கான பெண் அப்படிப் பேசுவதும் இயல்பு. முடிவையே நீக்கிவிட்டாலும் அவை தத்தம் இடத்தில் பொருந்தி நிற்கும். நாம் இடும் ஒவ்வொரு குறிப்புக்கும் இதுவே பரீட்சை. பத்திரிகாசிரியர்களாகிய நாமும், இடம் போதவில்லையென்று ஒரு வர்ணனையை வெட்டுமுன் கதையைக் கடைசிவரை படித்துவிடுவது தர்மம்.

இவ்வாறு மறைத்து வைப்பது சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காக அன்று. தன் கல்லறை அமையப்போகும் இடத்தை எஃபி நாள்தோறும் அறியாமல் கடந்து சென்றாள். வாசகரும் அவ்வண்ணமே அறியாமல் கடந்துபோக வேண்டும். முன்பே அறிந்தவர் அவளுக்காக இரங்கக்கூடும். அவளோடு அறியாதிருந்தவரே அவள் துயரைத் தம் துயராகக் கொள்வார்.