கையில் வரும் சம்பளம்

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் என் மாமா, வலிப்பு மாத்திரையோடு தினமும் திரிகடுகச் சூரணமும் சாப்பிடுகிறார். 'மூலிகைதானேடா, என்ன பண்ணிடும்?' என்கிறார்.

என் பி.காம். மூளைக்கு எட்டிய பதில் இது: வெங்காயத்திலும் மூலிகையிலும் இருக்கும் ஃப்ளேவனாய்டு, நம் சம்பளம் மாதிரி. விழுங்குவது கிராஸ். பெரும்பாலும் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழற்றினால்தான் குடல் உள்ளே விடும். மீதி பெருங்குடல் பாக்டீரியாவுக்கு. தப்பித்து உள்ளே போனதையும் கல்லீரல் முத்திரை குத்தி, சிறுநீர் வழியாக அனுப்பிவிடும். கையில் வருவது சொற்பம்.

பிடித்தம் போடும் ஆபீசரைத் தூங்க வைக்கிற ஆசாமி மிளகு. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சியாளர்கள், ஃப்ளேவனாய்டின் ஒன்றுவிட்ட தம்பியான மஞ்சள் சத்து 2 கிராமோடு, மிளகுச் சத்து 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்தது 20 மடங்கு!

சந்தோஷப்படாதீர்கள். தூங்குகிற ஆபீசர் இங்கிலீஷ் மருந்தையும் கவனிக்க மாட்டார். வலிப்புக்கான ஃபெனிடாயின், மிளகோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். அளவு மீறினால் தலைசுற்றல், தள்ளாட்டம்.

மாமா சாப்பிடுவது அதே ஃபெனிடாயின். திரிகடுகம் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி. ஒரு மாசமாகக் குழித்தறியில் இறங்கவே தடுமாறுகிறார். வயசாச்சு என்று நினைத்தோம். சூரண விஷயம் டாக்டருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை.

மாத்திரையை நாமாக நிறுத்துவதும் ஆபத்து. அதனால் நாளைக்கு டாக்டரிடம் போகிறோம். மாமா கையில் மாத்திரைச் சீட்டு, என் கையில் சூரண டப்பா.