சரீர நலம்: நெஞ்செரிச்சலை மறைக்க வேண்டாம்



மிகுந்த உடற்பருமனிலிருந்து விடுபட்டவர்களுக்குப் பிறகும் ஒரு பாரம் மீந்திருப்பதுண்டு. வயிற்றிலும் தொடையிலும் தளர்ந்து தொங்கும் தோலே அது. மடிப்புகளில் வியர்வை தேங்கிப் புண்ணாகிறது. பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. நடப்பதும் முழங்காற்படியிடுவதும் வருத்தமாகின்றன. எடை பல மாதங்கள் ஒரே நிலையில் நின்றபின், பிளாஸ்டிக் சர்ஜன் மிகுதியான தோலை அகற்றி, தேவைப்பட்டால் தளர்ந்த வயிற்றுத் தசைகளையும் இழுத்துத் தைக்கிறார்.

இதனை வீண் அலங்காரம் என்று பேசுவோர் நம் சபைகளில் உண்டு. அப்பேச்சுக்கு அஞ்சி, சிகிச்சை செய்துகொண்டதையே மறைப்போரும் உண்டு. வீடு திரும்பிய சில நாட்களில் நெஞ்சு எரிகிறது. புளித்த நீர் தொண்டைக்கு ஏறுகிறது. "கேஸ் டிரபிள்" என்று மட்டும் சொல்லி மருந்துக் கடையில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கப்படுகிறது. மறைக்கப்பட்ட அந்த ஒரு செய்தியில்தான் ஆபத்து இருக்கிறது.

எரிச்சல் ஏன் வருகிறது? உணவுக்குழலும் இரைப்பையும் சேருமிடத்தில் வாசல் போன்ற ஒரு தசை உண்டு. அது தளர்ந்தாலும், கீழிருந்து அழுத்தம் மிகுந்தாலும் அமிலம் மேலேறும். தசையை இழுத்துத் தைத்ததாலும், அதன்மேல் கட்டிய இறுக்கமான பெல்டினாலும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்தக்கூடும். டிரமடால் போன்றவை மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கும்போது அழுத்தம் மேலும் ஏறும். டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கி உடனே படுத்தால், அது உணவுக்குழலிலேயே தங்கிப் புண்ணாக்கும்.

முன்பு எடை குறைக்கச் செய்த அறுவையையும் மருத்துவர் அறிய வேண்டும். இரைப்பையைக் குழாய்போல் சிறிதாக்கும் ஸ்லீவ் முறைக்குப் பின் நெஞ்செரிச்சல் வருவது சாதாரணம். பைபாஸ் முறையில் அது பெரும்பாலும் குறையும். ஆனால் அவர்கள் மேற்சொன்ன ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகளை உண்டால், குடலை இணைத்த இடத்தில் புண் உண்டாகலாம். இதை அறியாத மருத்துவர் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தால் குற்றம் யாருடையது?

செய்ய வேண்டியவை எளியவை. மூன்று வேளை நிறைய உண்பதை விட்டு, ஐந்தாறு வேளை சிறிது சிறிதாக உண்ணுங்கள். மைசூரு மசாலா தோசைக்குள் தடவும் காரமான சிவப்புச் சட்னி, நெய் சொட்டும் மைசூர் பாகு, அடிக்கடி குடிக்கும் ஃபில்டர் காபி ஆகியவை சில வாரங்கள் காத்திருக்கட்டும். இட்லி, பருப்பு, தயிர், முட்டை, ஆவியில் வெந்த மீன் ஆகியவற்றை மருத்துவர் அனுமதித்த அளவில் உண்ணுங்கள். காயம் ஆறப் புரதம் தேவை. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் இருக்கட்டும். தலையணையால் தலையை மட்டும் உயர்த்தாமல், மேலுடல் முழுவதும் சாய்வாக உயரும்படி படுங்கள். மாத்திரையை ஒரு தம்ளர் தண்ணீரோடு நிமிர்ந்திருந்து விழுங்குங்கள். பான்டொபிரசோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரையை மருத்துவர் எழுதியிருந்தால், உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுப்பது நலம். பெல்ட் இறுக்கமாகத் தோன்றினால் நீங்களாகக் கழற்றிவிடாமல், சர்ஜனிடம் கேளுங்கள்.

உபவாசத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் வலி மாத்திரை விழுங்கி உபவாசிப்பது, ஆறிவரும் சரீரத்தைக் காயப்படுத்துவதாகும். இளைத்துப்போய்ச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலாவது கொடுத்தது உணவே (1 இராஜாக்கள் 19). நோயாளிக்காக மற்றவர்கள் உபவாசிக்கட்டும், நோயாளி உண்ணட்டும். வீடு சந்திக்கச் செல்லும் சகோதரிகள் பிரியாணிப் பாத்திரத்தோடு செல்லாமல், அரை மணி நேரம் பாத்திரம் கழுவிக் கொடுத்து, சுருக்கமாக ஜெபித்துத் திரும்பினால் அது மெய்யான ஊழியம்.

எல்லா நெஞ்செரிச்சலும் அமிலமல்ல, இதை மறவாதிருங்கள். அறுவைக்குப் பின் காலில் உறையும் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். மாரடைப்பும், சிறப்பாகப் பெண்களிடத்திலும் சர்க்கரை நோயாளிகளிடத்திலும், வெறும் எரிச்சலைப்போலத் தோன்றலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சை அழுத்தும் வலி, குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், இரத்த வாந்தி, தார்போன்ற கறுத்த மலம் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்சிலும் ஜெபிக்கலாம்.

மருந்தை நாடுவது அவிசுவாசமா என்று சிலர் கலங்குகிறார்கள். தீமோத்தேயுவின் வயிற்று உபாதையை அறிந்திருந்த பவுல், ஜெபியென்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், உட்கொள்ள வேண்டியதையும் எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). தீமோத்தேயு தன் பலவீனத்தை மறைத்திருந்தால் அந்த ஆலோசனை அவனுக்குக் கிடைத்திருக்குமோ? நம் மைசூரிலும், மிஷன் ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அழைக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை மெதடிஸ்ட் மிஷனெரிகள் 1906-ஆம் ஆண்டில் நிறுவியபோது, ஜெபமும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் நின்றன.

ஆகையால், சிகிச்சை பெற்றவர்களே, மருத்துவரிடம் யாவற்றையும் சொல்லுங்கள். சபையாரே, அவர்கள் அஞ்சாமல் சொல்லும்படி உங்கள் நாவைக் காத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தாமே யாவருக்கும் பூரண சுகம் அருள்வாராக. ஆமென்.