கண்ணாடியில் ஒரு துளை போதும்

கிரிக்கெட் மைதானத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நீளமான லென்ஸோடு உட்கார்ந்திருக்கும் புகைப்படக்காரர்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. ஐஸ் ஹாக்கியில் அப்படி இல்லை. வட அமெரிக்காவில் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளத்தைச் சுற்றிப் பலகைத் தடுப்பு, அதன் மேல் கனமான கண்ணாடி!

காரணம் இருக்கிறது. 'பக்' என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன், சுமார் 170 கிராம் எடை. வேகமாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். 2002 மார்ச்சில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஆட்டம் பார்க்க வந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி பக் பட்டு இறந்து போனாள். அதற்குப் பிறகு, கோல்களுக்குப் பின்னால் கண்ணாடிக்கு மேலே வலையும் கட்ட வேண்டும் என்று என்.எச்.எல். உத்தரவிட்டது.

பார்வையாளர்களின் பாதுகாப்புக்கு இதெல்லாம் தேவைதான். ஆனால் படம் எடுப்பவரின் நிலைமை என்ன?

மேலே இருக்கையிலிருந்து எடுத்தால் வலை குறுக்கே வரும். கீழே வந்தால் கண்ணாடி. அதில் பக் மோதிய கறுப்புத் தடங்கள், மட்டை உரசிய கீறல்கள், எதிரே எரியும் விளக்கின் பிரதிபலிப்பு எல்லாம் படத்தில் விழும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு குறையும். கீறல் போகாது. சற்றே சாய்த்து எடுத்தால் வீரரின் முகம் தெளிவை இழக்கும்.

இது போதாதென்று வெள்ளைப் பனி வேறு ஏமாற்றும். கேமராவின் ஒளி அளக்கும் கருவிக்கு எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். அதனால் பளீரென்ற பனியை அழுக்குச் சாம்பலாக்கி, வீரர்களின் முகத்தை இருட்டாக்கிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் எக்ஸ்போஷரைக் கையால் வைத்து, ஒரு படியாவது கூட்டிக்கொள்வார்கள். ஓட்டத்தை உறைய வைக்க ஷட்டர் வேகம் நொடியில் 1000-ல் ஒரு பங்காவது வேண்டும்.

இந்தச் சிக்கல்களில் பனியையும் வேகத்தையும் பழக்கத்தால் சமாளிக்கலாம். கண்ணாடியை மட்டும் எந்தத் திறமையாலும் சமாளிக்க முடியாது. அதற்கு ஒரே வழி, லென்ஸ் நுழையும் அளவுக்கு மூலையில் ஒரு துளை. பெரிய அரங்குகளில் இந்தத் துளைகள் உண்டு. சிறிய ஊர் அரங்குகள் பலவற்றில் கிடையாது.

அந்தத் துளையின் மதிப்பு என்ன? 1970 மே 10 அன்று பாஸ்டன் கார்டனில் நடந்ததைப் பார்த்தால் புரியும். ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்று. பாஸ்டன் புரூயின்ஸ் கோப்பையைத் தொட்டு 29 வருடமாகியிருந்தது. கூடுதல் நேரம் தொடங்கி 40-வது நொடியில் பாபி ஓர் கோல் போட்டார். அதே கணத்தில் எதிரணி வீரர் இடறிவிட, இரு கைகளையும் உயர்த்தியபடி காற்றில் படுத்தவாறு பறந்தார். அதைப் படமாக்கியவர் ரே லூசியர் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். அவருடைய இடம் அதுவல்ல! அந்த ஸ்டூலுக்கு உரியவர் குடிக்க ஏதோ வாங்க எழுந்து போன நேரத்தில் இவர் போய் உட்கார்ந்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அதே காட்சி 2010-ல் பாஸ்டன் அரங்குக்கு வெளியே வெண்கலச் சிலையாக நின்றது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஸ்டூல் காலியானது மட்டும்தான் அதிர்ஷ்டம். கோல் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்து இடம் மாறியது ஆட்டத்தைத் தெரிந்தவரின் வேலை. கனடாவின் டெனி புரோடர் இதற்கு இன்னொரு உதாரணம். மாண்ட்ரியலில் பல ஆண்டுகள் ஹாக்கியைப் படமெடுத்த இவர், 1956 குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கனடா அணியின் கோல்கீப்பர். என்.எச்.எல்.லில் அதிக வெற்றி பெற்ற கோல்கீப்பரான மார்ட்டின் புரோடரின் தந்தையும் கூட. பக் எங்கே போகும் என்பதைத் தன் உடம்பில் அடி வாங்கித் தெரிந்துகொண்டவர் ஷட்டரை அழுத்தினால் சும்மாவா இருக்கும்?

"இதற்கெல்லாம் ஆள் எதற்கு? கோல் வலைக்குள்ளேயே தானியங்கிக் கேமரா வைக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கட்டும், நல்ல படங்கள் வருகின்றன. ஆனால் அது ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கோல் வாங்கியவன் தலை குனிந்து பனியைச் சுரண்டுவதையும், பதினாறு வயதுப் பையன் முதல் கோல் போட்டுவிட்டுக் கூட்டத்தில் அப்பாவைத் தேடுவதையும் அது திரும்பிப் பார்க்குமா?

ஆபத்து என்பது நியாயமான ஆட்சேபணைதான். பக் அந்தத் துளை வழியாகவும் வரலாம். அதற்கும் வழி இருக்கிறது. ஆட்டம் அந்த மூலைக்கு வந்தால் லென்ஸை உள்ளே இழுத்துவிட வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் துளையை மூடி வைக்க வேண்டும். ஆட்டம் தெரியாதவரை அங்கே உட்கார வைக்கக் கூடாது.

செலவுக் கணக்கும் பார்க்கலாம். கண்ணாடியை ஒட்டிய இருக்கைதான் பெரிய அரங்குகளில் மிக விலை உயர்ந்தது. அங்கே ஒரு ஸ்டூல் போட்டால் ஒரு டிக்கெட் நஷ்டம் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். 1970-ன் அந்த ஒரு படம் பாஸ்டனுக்குக் கொண்டு வந்த பெயரை எந்தப் பத்தியில் வரவு வைப்பது? சிறிய அரங்குக்கு அந்த நஷ்டம் கூடக் கிடையாது. ஒரு கண்ணாடிப் பலகையின் செலவு, அவ்வளவுதான்.

அங்கே ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் என்.எச்.எல்.லுக்குப் போகப் போவதில்லை. அவர்களுக்குக் கடைசியில் மிஞ்சப் போவது படங்கள்தான். அவையாவது கீறல் இல்லாமல் இருக்கட்டுமே!