முப்பதுக்கு முப்பதும் பூரண ஓய்வும்

முப்பதுக்கு முப்பது. மூளைத்திறன் தேர்வில் டொனால்ட் டிரம்ப் 2018-லும் 2025-லும் வாங்கிய மதிப்பெண். ரேங்க் கார்டை நீட்டும் பிள்ளையைப் போல அதைக் காட்டி ஒரு தரப்பும், வாத்தியார் சரியில்லை என்று மறுதரப்பும் இந்த வாரமும் மல்லுக்கட்டியதைப் பார்த்து எரிச்சல்தான் மிச்சம். மான்ட்ரியல் தேர்வு என்று அதற்குப் பெயர். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வார்கள். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்து நிமிட வேலை. 26 எடுத்தாலே இயல்பு. மறதி நோய் எட்டிப்பார்க்கிறதா என்று சலித்துப் பார்க்கும் சல்லடை, அவ்வளவுதான். தெர்மாமீட்டரில் 98.4 காட்டியது என்று ஒருவர் ஊர்வலம் போனால் எப்படி இருக்கும்? எதிர்முகாம் மட்டும் என்ன யோக்கியம்? 2024 பிப்ரவரியில் பைடனின் மருத்துவர் அவர் பணிக்குத் தகுதியானவர் என்று எழுதிக்கொடுத்தார். ஜூன் 27 அன்று அட்லாண்டா விவாத மேடையில் 81 வயது பைடன் வாக்கியங்களைப் பாதியில் தொலைத்துவிட்டு நின்றார். ஜூலை 21-இல் போட்டியிலிருந்தே விலகினார்.

அமெரிக்கா கிடக்கட்டும். நான் எங்கே வந்து நிற்பேன் என்று இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்: மருத்துவ அறிக்கைகளின் மொழி. ‘உடல்நிலை சீராக உள்ளது’, ‘வழக்கமான பரிசோதனைதான்’, ‘சிகிச்சைக்கு நல்ல ஒத்துழைப்புத் தருகிறார்’. 2016-இல் மருத்துவமனையில் ஜெயலலிதா இட்லி சாப்பிட்டார் என்பது வரைக்கும் போனவர்கள் நாம். அடுத்த ஆண்டே ஓர் அமைச்சர் அது பொய் என்று மேடையில் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் இந்த இலக்கிய வகையின் உச்சம் 1953 ஜூன் 27-இல் லண்டனில் வெளியான ஓரிரு வரிகள்தான். ஜூன் 23 இரவு, டவுனிங் தெரு இல்லத்தில் இத்தாலியப் பிரதமருக்கு விருந்து. அது முடிகிற வேளையில் 78 வயது பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைப் பக்கவாதம் தாக்கியது. கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது. மறுநாள் அவர் அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார்! சகாக்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பெரியவர் இன்று அதிகம் பேசவில்லை என்பதோடு சரி. அதற்கடுத்த நாள் சார்ட்வெல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. மருத்துவர் மோரன் பிரபுவும் நரம்பியல் நிபுணர் ரஸ்ஸல் பிரெயினும் (ஆம், பெயரே பிரெயின்) எழுதிய அறிக்கையில், மூளையின் ரத்த ஓட்டத்தில் கோளாறு, அதனால் தலைசுற்றல் என்று நேர்மையாகவே இருந்தது. அமைச்சர்கள் பட்லரும் சால்ஸ்பரியும் பேனாவை எடுத்தார்கள். மூளை போயிற்று, ரத்த ஓட்டம் போயிற்று, தலைசுற்றலும் போயிற்று. பிரதமருக்குப் பூரண ஓய்வு தேவை என்பது மட்டும் மிஞ்சியது. மருத்துவர்கள் எழுதியதை அரசியல்வாதிகள் திருத்த, அது மருத்துவர்களின் பெயரிலேயே வெளியானது. பத்திரிகை முதலாளிகளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வரவேண்டிய ஈடனோ அறுவை சிகிச்சைக்காக பாஸ்டனில். சில வாரங்களுக்குப் பிரதமர் பெயரில் வந்த கோப்புகளை மருமகன் சோம்ஸும் தனிச்செயலர் கோல்வில்லும் கவனித்துக்கொண்டார்கள். தனிச்செயலருக்கு எந்தத் தொகுதியில் யார் ஓட்டுப் போட்டார்கள்?

சர்ச்சில்தான் தேறிவிட்டாரே, அக்டோபரில் மார்கேட் மாநாட்டில் நின்றபடியே முழுப் பேச்சும் பேசினாரே, பிறகென்ன என்பார்கள். தேறியது பின்னால் நடந்தது. அறிக்கையைத் திருத்திய நாளில் அவர் பிழைப்பாரா என்பதே மருத்துவருக்கு நிச்சயமில்லை. சூதாட்டத்தில் ஜெயித்தவர் வைத்த பணம் யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: படுக்கையில் கிடந்தபடி பழைய கவிதைகளை மனப்பாடமாக ஒப்பித்தவர் அவர். ஐந்து சொல் தேர்வு வைத்திருந்தால் அன்றைக்கும் அநேகமாகத் தேறியிருப்பார். ஆகவே எத்தனை மதிப்பெண் என்பதில் எனக்குச் சிரத்தையே இல்லை. சீட்டில் கையெழுத்துப் போடுபவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் என் விசாரம். நோய் அந்தரங்கம் என்ற ஆட்சேபம் நியாயமானதே; சாதாரணக் குடிமகனுக்கு அதில் மறுபேச்சில்லை. ஆனால் விமானம் ஓட்டுபவருக்கு அந்தச் சலுகையை நாம் தருவதில்லை. அவரைப் பரிசோதிக்கத் தனியாக அங்கீகாரம் பெற்ற மருத்துவர் உண்டு. குடும்ப டாக்டரின் கடிதம் செல்லாது. அணு ஆயுதச் சாவி கேட்டு வருகிறவருக்கு மட்டும் குடும்ப டாக்டர் போதுமா?

மக்கள் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை, 1984-ஐப் பாருங்கள் என்று வேறு சொல்வார்கள். உண்மைதான். புரூக்ளின் மருத்துவமனையிலிருந்தபடி எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் வென்றார், அவர் சிகிச்சையில் இருக்கும் படம் ஊர் ஊராக ஓடியது. ஆனால் அது என் கட்சிக்கான சாட்சி. நோயாளி என்று தெரிந்தும் மக்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்றால் பட்லர் பேனாவை எடுக்க வேண்டிய அவசியமே இல்லையே!

சர்ச்சில் 1955 ஏப்ரல் வரை பிரதமராக இருந்தார். அதற்கு முந்தைய மாதம், ஹைட்ரஜன் குண்டு விவாதத்தில் எதிர்க்கட்சியின் பெவனுக்குப் பதில் சொல்கையில், திடீர் நோயொன்று தன்னை முடக்கிப்போட்டதாகப் போகிற போக்கில் அவரே அவையில் சொன்னார். அறிக்கை வெளியாகி அப்போது இருபது மாதம் ஆகியிருந்தது.