மலிவுக் காலமும் பஞ்சப்படியும்

"அறுபத்தேழு, அறுபத்தெட்டுல ரூபாய்க்கு ஒரு படி அரிசி, தம்பி! இப்போ ரூபாய்க்கு ஒரு வெத்தலை வருமா?"

சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் நம் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை இது. தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், மாதுங்கா லேபர் கேம்ப்பிலும் இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. சொல்பவர்கள் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் அண்மைக் காலமாக இந்த வார்த்தைக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. "வடக்கேயிருந்து வந்தவங்களாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு. கூலியைக் குறைச்சுட்டான், வாடகையை ஏத்திட்டான்" என்று அடுத்த மூச்சிலேயே சொல்கிறார்கள், இளைஞர்களும் தலையாட்டுகிறார்கள். முன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். பின்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நம்மால் முடியாது. ஆகவே இந்த மாதத் தலையங்கத்தை அந்த மலிவுக் காலத்துக்கே ஒதுக்குகிறோம்.

நாம் அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். அதற்குப் பின் பிறந்தவர்கள். பெற்றோர் சொல்லக் கேட்டதும், ஏடுகளைப் புரட்டி அறிந்ததுமே நம் கையிருப்பு.

முதலில் அந்த ஒரு படி அரிசியைப் பார்ப்போம். அது கடைவீதி விலை அல்ல. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அண்ணா வாக்குக் கொடுத்து, ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில் அரசு கைப்பொருளைப் போட்டுக் கொடுத்த விலை. அதுவும் சென்னையிலும் கோவையிலும்தான் நடந்தது. நிதி இடம் கொடுக்காததால் மாநிலம் முழுவதற்கும் விரிக்க இயலவில்லை. அரிசி தாராளமாகக் கிடைத்த நாட்டில் இப்படியொரு வாக்குறுதிக்கு ஓட்டு விழுந்திருக்குமா? மருந்து இருந்தது என்றால் நோய் இருந்தது என்று பொருள்.

நோய் சாதாரணமானதன்று. 1964-65இல் இந்தியா விளைவித்த உணவு தானியம் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன். மழை பொய்த்த 1965-66இல் அது 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அடுத்த ஆண்டும் மழை கைவிட்டது; பீகாரில் பஞ்சம் தலைவிரித்தாடியது. வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களிடம் கேட்டார். பி.எல். 480 ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அரிசிச் சோறு தின்று வளர்ந்த நம் தாய்மார்கள் ரேஷன் கடை வரிசையில் கால் கடுக்க நின்று கோதுமையும், மைலோ என்ற சிவப்புச் சோளமும் வாங்கிவந்து, அதைச் சமைக்கும் விதம் தெரியாமல் விழித்தார்கள்.

ஊரிலிருந்து அரிசி கொண்டுவரலாமே என்பீர்கள். மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கடத்தத் தடை இருந்த காலம் அது. ரயிலில் மூட்டையைப் பிரித்துச் சோதித்தார்கள். தலையணை உறைக்குள்ளும், கைக்குழந்தையின் துணிப் பொட்டலத்துக்குள்ளும் நாலு படி அரிசியை ஒளித்துக்கொண்டு, ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் நெஞ்சு படபடக்க வந்த கதையைச் சொல்லாத பாட்டி நம்மில் யார் வீட்டில் இல்லை? சொந்த வயலில் விளைந்த அரிசியைத் திருடனைப்போல் கொண்டுவந்து சமைத்த காலத்தைத்தான் மலிவுக் காலம் என்கிறோம்.

இப்போது சம்பளக் கணக்குக்கு வருவோம். 1959இல் இரண்டாவது சம்பளக் கமிஷன் மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு வகுத்தது மாதம் 80 ரூபாய். 2016 முதல் கடைநிலைச் சம்பளம் 18,000 ரூபாய். 225 மடங்கு. அன்றும் அதற்குமேல் பஞ்சப்படி ஏறியது, இன்றும் ஏறியிருக்கிறது. இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அன்றைய ஒரு ரூபாய் அந்த ஊழியருக்கு இன்றைய 225 ரூபாய்க்குச் சமம். படி அரிசி 225 ரூபாய்! இன்று எந்தக் கடையில் சாதா அரிசி அந்த விலைக்கு விற்கிறது? அதுவும் அரசு இறக்கிக் கொடுத்த விலை. இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் நாணயத்தை நாணயத்தோடு ஒப்பிடக் கூடாது, உழைப்போடு ஒப்பிட வேண்டும் என்பதைக் காட்ட இது போதும்.

அந்தச் சம்பளமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. 1966, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறியது. பஞ்சப்படி என்ற சொல்லையே பாருங்கள். இன்று அகவிலைப்படி என்று அழகாகச் சொல்கிறோம். நம் முன்னவர்கள் உள்ளதை உள்ளபடி பஞ்சப்படி என்றே சொன்னார்கள்.

அவர்கள் வாழ்வில் மகிழ்ச்சியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் என்றால் திருவிழாக் கூட்டம். குண்டடிபட்டுப் பிழைத்த எம்.ஜி.ஆரின் 'காவல்காரன்' 1967இலும், சிவாஜியும் பத்மினியும் நடித்த 'தில்லானா மோகனாம்பாள்' 1968இலும் வெளிவந்தன; இன்றைக்கும் அவை நம் வீடுகளில் பேச்சு. ஒரு சாலுக்கு ஒரு டிரான்சிஸ்டர் இருந்தால் அதுவே எல்லோருக்கும் பொது. 1967 நவம்பரில் விவித பாரதியின் பம்பாய் ஒலிபரப்பில் வியாபார விளம்பரம் தொடங்கியது. அரிசி இல்லாத வீட்டுக்கும் சோப்பு விளம்பரம் வந்து சேர்ந்தது. மண்ணையும் உழவனையும் போற்றிய 'உப்கார்' இந்திப் படம் ஓடியதும் அதே 1967, பீகாரில் மக்கள் பட்டினி கிடந்ததும் அதே 1967. பெரியவர்கள் மலிவு என்று நினைத்து ஏங்குவது உண்மையில் அந்த ஒன்றுகூடலுக்காக என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்த ஏக்கம் நியாயமானது. விலைவாசியை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம்.

இனித்தான் நாம் சொல்லவந்த விஷயம். பஞ்சமும் வேலையின்மையும் நெருக்கிய அந்த ஆண்டுகளில் பம்பாய்த் தொழிலாளி முன் இரண்டு பாதைகள் திறந்தன.

ரூபாய் மதிப்பு விழுந்த 13ஆம் நாள், 1966 ஜூன் 19இல், சிவசேனை தொடங்கப்பட்டது. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வேலை கிடைக்காமல் வாடிய மராத்தி இளைஞனுக்கு ஒரு எதிரி காட்டப்பட்டான். அந்த எதிரி நாம். அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்கள் பத்திரிகையில் பட்டியலாக வந்தன. லுங்கி கட்டியவனை விரட்டு என்பது கோஷமாயிற்று. உடுப்பி ஓட்டல்களில் கல் விழுந்தது. அத்தனைக்குப் பிறகும் மில் தொழிலாளியின் வீட்டில் ஒரு பிடி அரிசி கூடியதா? இல்லை. அவன் வீட்டுப் பெண்ணும் நம் வீட்டுப் பெண்ணும் அதே ரேஷன் வரிசையில்தான் நின்றார்கள்.

மற்ற பாதையும் இதே நகரில்தான் திறந்தது. 1967 பிப்ரவரித் தேர்தலில் தென் பம்பாய்த் தொகுதியில் எஸ்.கே. பாட்டீல் தோற்றார். 1960இல் உணவு மந்திரியாக பி.எல். 480 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், பின்னர் ரயில்வே மந்திரியாக இருந்தவர். அவரைத் தோற்கடித்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் மங்களூரிலிருந்து பிழைக்க வந்து தொழிற்சங்கம் கட்டியவர். வெளியூர்க்காரனை விரட்டு என்ற கூச்சல் ஓயாத அதே நகரம் ஒரு வெளியூர்க்காரனைத் தேர்ந்தெடுத்தது, மறந்துவிடாதீர்கள்.

1968 செப்டம்பர் 19இல் ரயில்வே, தபால் தந்தி உள்ளிட்ட மத்திய அரசு ஊழியர்கள் நாடெங்கும் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த தேவை அடிப்படையிலான குறைந்தபட்சச் சம்பளம். ஆளுக்கு 2,700 கலோரி உணவு, நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, குடியிருக்க இடம், விளக்குக்கும் விறகுக்கும் காசு. அவ்வளவுதான். அதற்கு அவசரச் சட்டம் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். பதான்கோட்டில் ரயில்வேத் தொழிலாளர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். மராத்தியும், தமிழனும், பஞ்சாபியும், வங்காளியும் சேர்ந்து கேட்ட கேள்வி அது. உடனே பலன் கிட்டவில்லை. ஆனால் கேட்டதை விடாமல் கேட்டார்கள். 1970இல் மூன்றாவது சம்பளக் கமிஷன் வந்தது. 1973இல் கடைநிலைச் சம்பளம் 196 ரூபாயாயிற்று.

ஊரிலும் அதே கணக்குத்தான். தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்ட குற்றத்துக்காக, 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பட்டணத்தில் படி அரிசி ரூபாய்க்கு விற்ற அதே காலத்தில், அந்த அரிசியை விளைவித்தவர்களுக்குக் கிடைத்த கூலி அது. அப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் நம்மில் பலர் ரயில் ஏறினோம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு இன்று பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து, பத்துப் பேர் ஓர் அறையில் படுத்துக்கொண்டு உழைப்பவனைப் பார்த்து, அன்று நம்மைச் சொன்ன அதே வார்த்தையை நாம் சொல்வதா? கூலியைக் குறைத்தது அவனா, குறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று கணக்குப் போட்ட காண்டிராக்டரா? மலிவாக உழைக்கிறான் என்று அன்று நம்மையும்தான் சொன்னார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, ரேஷன் கார்டு. 2019இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் மராட்டியமும் உண்டு, தமிழ்நாடும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டாக இருந்தால், ஊர்க் கார்டுக்கு உரிய தானியத்தை இங்கேயே வாங்கலாம். குடும்பத்தில் பாதிப்பேர் ஊரில் இருந்தால் அவர்கள் பங்கை அங்கே வாங்கலாம். ஒவ்வொருவர் பெயருக்கும் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்டைத் தூக்கி எறியாதீர்கள். குடிசைப் பகுதியில் நீங்கள் எத்தனை காலம் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அது சாட்சி.

இரண்டு, பஞ்சப்படி. அது நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதன்று. ரயில்வேயில் காண்டிராக்டில் துப்புரவு செய்பவருக்கும், சுமை தூக்குபவருக்கும் குறைந்தபட்சக் கூலியோடு சேர்ந்த மாறும் பஞ்சப்படி உண்டு; ஏப்ரலிலும் அக்டோபரிலும் அது திருத்தப்படுகிறது. கையெழுத்துப் போடும் கூலியும் கைக்கு வரும் கூலியும் ஒன்றுதானா? சீட்டை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

மூன்று, பக்கத்து வீட்டு வடநாட்டுத் தோழரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் கார்டும் நம் கார்டும் ஒரே ரேஷன் கடையின் ஒரே இயந்திரத்தில்தான் பதிகின்றன. அவருக்குக் கூலி முழுதாகக் கிடைத்தால்தான் நம் கூலி குறையாமல் நிற்கும்.

நம் பெரியவர்கள் அந்த மலிவுக் காலத்தைப் பற்றித் தொடர்ந்து பேசட்டும். கேட்கும் பிள்ளைகளிடம் அந்த வரிசையையும், அந்தக் கல்லையும், அந்த வேலைநிறுத்தத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.