வள்ளலாரின் கடைசிச் சொல்

வடலூர் பற்றிப் பேச்சு எடுத்தாலே இப்போதெல்லாம் இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. ஒரு சாரார் வள்ளலார் பெரிய சைவர், சிவனடியார் என்பார்கள். இன்னொரு சாரார், அவர் சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜோதியை மட்டும் காட்டியவர் என்பார்கள். இருவர் கையிலும் திருவருட்பா இருக்கிறது. இருவரும் அதிலிருந்தே ஆதாரம் காட்டுகிறார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். கந்தகோட்டத்து முருகன் மேல் தெய்வமணிமாலை பாடியவரும் அவர்தான். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டி, சமயங்களில் லட்சியம் வைக்காதீர்கள் என்று பேருபதேசம் செய்தவரும் அவர்தான். தமக்கே முன்பு சைவத்தில் அளவில்லாத பற்று இருந்ததையும், பிறகு அதை விட்டதையும் அந்த உபதேசத்திலேயே ஒளிக்காமல் சொல்கிறார். 1865-ல் அவர் தொடங்கிய சங்கத்தின் பெயரில் 'வேத' என்ற சொல் இருந்தது. 1872-ல் அதை எடுத்துவிட்டு 'சுத்த' என்று மாற்றினார். ஒரு சொல்தான், ஆனால் அவர் நடந்து வந்த தூரம் அதில் தெரிகிறது.

புத்தகம் வெளிவந்த முறையும் குழப்பத்துக்கு ஒரு காரணம். முதல் நான்கு திருமுறைகள் 1867-லேயே அச்சாகிவிட்டன. முதிர்ந்த கருத்துகள் நிறைந்த ஆறாம் திருமுறை வந்தது 1885-ல். 1874-ல் அவர் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்ப் பதினோரு வருடம் கழித்து! அதற்குள் பழைய பாடல்கள் மக்கள் மனதில் நன்றாக ஊறிவிட்டன.

சரி, எதை ஏற்பது? நம் வீடுகளில் ஒரு பெரியவர் இரண்டு உயில் எழுதியிருந்தால் கடைசி உயில்தான் செல்லும். அதற்காக முதல் உயில் போலி ஆகிவிடாது, அதுவும் அவர் கையெழுத்துதான். ஞானசபை அவர் 1872-ல், தம் கடைசிக் காலத்தில் கட்டியது. எனவே அங்கே அவருடைய கடைசிச் சொல்தான் செல்ல வேண்டும். சபையில் லிங்க வழிபாடு அவர் வகுத்த முறைக்கு மாறானது என்று அறநிலையத் துறை 2006-ல் ஆணையிட்டதும், 2010-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் வென்ற கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் விளக்கேற்றி, நெற்றி நிறைய விபூதி பூசி, தெய்வமணிமாலை படிக்கும் பாட்டியைப் பார்த்து "நீங்கள் சன்மார்க்கியே இல்லை" என்று சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அவர் சைவத்திலிருந்து சன்மார்க்கத்துக்கு வரப் பல வருடங்கள் ஆயின. அந்தப் பாட்டிக்கு மட்டும் ஏன் ஒரே நாள் அவகாசம்?

2024-ல் பெருவெளியில் சர்வதேச மையம் கட்டத் தொடங்கியபோது இன்னொரு பிளவு வந்தது. அவர் புகழ் உலகெங்கும் போக வேண்டும், வருகிறவர்களுக்கு வசதி வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். தைப்பூசத்தன்று ஏழு திரை விலகும்போது லட்சக்கணக்கானோர் நின்று ஜோதி காண அந்த வெட்டவெளி வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் நியாயமாகப் படுகிறது. கட்டடத்தை வேறு இடத்திலும் கட்டலாம், போன வெளி திரும்பாது. ஆனால் இது என் அபிப்பிராயம். வள்ளலாரே வந்து சொன்னதுபோல் இதை நான் பேசக் கூடாது, எதிர்க்கட்சியும் பேசக் கூடாது.

எந்தக் கட்சியும் சண்டை போடாத இடம் ஒன்று வடலூரில் உண்டு. 1867 மே மாதம் அவர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பந்தியில் உட்கார்ந்தால் எந்தத் திருமுறை படிப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சாதம் போதுமா என்றுதான் கேட்கிறார்கள். வழக்குக்கும் வாதத்துக்கும் செலவழிக்கிற பணத்தில் கொஞ்சம் அரிசி வாங்கி அங்கே கொடுக்க இரண்டு கட்சியையும் கேட்டுக்கொள்கிறேன்.